ஐம்பது விநாடி தாமதம்

அப்பாவின் எழுபதாவது பிறந்தநாளுக்கு அவரைச் சிங்கம் பார்க்க அனுப்புவதென்று றொசாந்தி முடிவெடுத்தபோது, வேண்டாமென்று சொன்ன ஒரே ஆள் அவளுடைய அம்மா.

"மிருகம் பாக்கிறதுக்கு ரிவி இருக்குத்தானே" என்றார் தவமலர். "அதுகளின்ர இடத்துக்குப் போய் அதுகளைக் கரைச்சல் படுத்த வேணுமோ?"

அப்பா தியாகராஜா வேறு மாதிரி. தபால் பிரிக்கும் நிலையத்தில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். எந்த மிருகம் எத்தனை மாதம் குட்டி சுமக்கும், எது எந்த நேரத்தில் தண்ணீருக்கு வரும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். அம்மா லண்டனின் சுரங்க ரயிலான ட்யூபில் தனியாக ஏறவே பயப்படுகிறவர். மிச்சம் என்ற பகுதியில் ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் இருபத்தொரு வருடம் வேலை செய்தபோதுகூட, ரயிலை விட்டுவிட்டு இரண்டு பஸ் மாறித்தான் போய்வந்தார்.

கடைசியில் அப்பாவின் முகத்தைப் பார்த்து அம்மா சம்மதித்தார். ஆகஸ்ட் மாதம் இருவரும் தென்னாப்பிரிக்காவுக்குப் பறந்தார்கள்.

அவர்கள் தங்கிய லாட்ஜ் காட்டின் நடுவில் இருந்தது. பத்துப் பன்னிரண்டு கூரைவீடுகள், அவற்றை இணைக்கும் மரப்பலகைப் பாதை, முன்னால் ஒரு பெரிய மரமேடை. மேடைக்குக் கீழே வெறும் நிலம் சரிந்து ஒரு தண்ணீர்க் குட்டைக்குப் போகும். சுற்றிலும் வேலி கிடையாது. பலகைப் பாதையை விட்டுத் துப்பாக்கி வைத்திருக்கும் வழிகாட்டி இல்லாமல் யாரும் இறங்கக்கூடாது என்பது அங்கே முதல் விதி.

குட்டையைப் பார்த்தபடி ஒரு கமெரா இருந்தது. அது இரவும் பகலும் இணையத்தில் நேரலையாக ஓடும். றொசாந்தி அந்த லாட்ஜைத் தேர்ந்தெடுத்ததற்கு அதுதான் காரணம். லண்டனில் மதியம் ஒரு மணிக்கு, அங்கே இரண்டு மணிக்கு, அம்மாவும் அப்பாவும் மேடையில் வந்து நின்று கமெராவுக்குக் கை காட்டவேண்டும் என்று பேசி வைத்தாள்.

முதல் நாள் அம்மா தொலைபேசியில் கேட்டுக்கொண்டே கை காட்டினார்.

"கண்டனியோ?"

"இல்லை அம்மா. நீங்கள் இன்னும் வரேல்லை."

"நான் எவ்வளவு நேரமா ஆட்டிக்கொண்டு நிக்கிறன். கை நோகுது பிள்ளை."

அம்மா அலுத்துப்போய்க் கையை இறக்கிய பிறகுதான் படத்தில் அவர் நடந்து வந்து கையைத் தூக்கினார். படம் ஐம்பது விநாடி பிந்தித்தான் வருகிறது என்று அப்பா மணிக்கூட்டை வைத்துக் கணக்குப் பார்த்துச் சொன்னார். அன்றைக்கு மூவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

அடுத்த நாட்களில் அம்மாவின் குரலே மாறத் தொடங்கியது. "சிங்கம் எங்கட வாகனத்தைத் திரும்பியும் பாக்கேல்லை. நாங்கள் என்னவோ ரோட்டில நிக்கிற கல்லு மாதிரி" என்றார். விடியற்காலையில் போர்வையும் சுடுதண்ணிப் போத்தலும் தந்து திறந்த ஜீப்பில் ஏற்றுகிறார்களாம். டெம்பா என்ற வழிகாட்டி மண்ணில் தடத்தைப் பார்த்தே, சிறுத்தை எப்போது போனது என்று சொல்கிறாராம். ஒட்டைச்சிவிங்கி தண்ணீர் குடிக்க முன்காலை அகட்டி வைப்பதைப் பார்த்து அம்மாவுக்குப் பாவமாக இருந்ததாம்.

ஐந்தாம் நாள் வியாழக்கிழமை. றொசாந்தி லண்டன் கோலியர்ஸ் வுட்டில் தன் ஃப்ளாட்டில் இருந்து வேலை செய்துகொண்டிருந்தாள். ஒரு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போதே சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு வந்து படத்தைத் திறந்தாள்.

மேடையில் யாரும் இல்லை. குட்டையில் நான்கைந்து இம்பாலா மான்கள் நின்றன. படத்தின் இடது மூலையில் ஒரு பெரிய அத்திமரம். அதை நோக்கி ஒரு பெண் வெறும் நிலத்தில் நடந்துகொண்டிருந்தார்.

முதலில் அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. லாட்ஜில் வேலை செய்கிறவர் என்று நினைத்தாள். பிறகு அந்தப் பெண்ணின் ஊதாச் சட்டை கண்ணில் பட்டது. இடது தோள் கொஞ்சம் சரிந்த நடை. அது அம்மா.

அம்மா பலகைப் பாதையை விட்டு இறங்கியிருந்தார். பக்கத்தில் டெம்பா இல்லை. அப்பாவும் இல்லை. அவசரமே இல்லாமல், கடைக்குப் போகிற மாதிரி நடந்தார். கையில் ஒன்றும் இல்லை.

றொசாந்தி அம்மாவின் தொலைபேசிக்கு எடுத்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. படத்தில் மான்கள் தலையைத் தூக்கின. எல்லாம் ஒரே பக்கம் பார்த்தன, ஒன்றாகத் துள்ளி ஓடின. வலது ஓரத்துப் புதர்கள் அசைந்தன. ஒரு யானை வெளியே வந்தது. அதன் பின்னால் இன்னொன்று. பிறகு குட்டிகள், பிறகு பெரியவை. அவள் எண்ணவில்லை.

இரண்டு முறை பிழையாக அழுத்திய பிறகு அப்பா அகப்பட்டார். நித்திரைக் குரல்.

"சொல்லு பிள்ளை, இன்னும் ரெண்டு மணி ஆகேல்லையே."

"அப்பா, அம்மா எங்கை?"

"வெளியில இருக்கிறா. கதிரையில."

"இல்லை அப்பா! அம்மா கீழ, தண்ணிப் பக்கம் போறா. தனியப் போறா. யானை வருது, அப்பா!"

கட்டில் கிறீச்சிட்ட சத்தம் கேட்டது. கதவு சுவரில் மோதியது. தொலைபேசியைக் கையில் பிடித்தபடியே அவர் ஓடுகிறார் என்பது பலகையில் விழுந்த காலடிச் சத்தத்தில் தெரிந்தது. போன வருடம்தான் முழங்கால் மாற்றியவர்.

"தவம்! தவம்!"

யாரோ ஒரு ஆண் ஆங்கிலத்தில் கத்தினான்: போகாதீர்கள் ஐயா, போகாதீர்கள். அப்பாவின் மூச்சு. அதற்குப் பின்னால் எங்கேயோ தகரத்தைக் கிழிப்பது போல ஒரு பிளிறல்.

தொலைபேசி எதிலோ மோதியது. பிறகு வெடிச்சத்தம். ஒன்றே ஒன்று. இணைப்பு அறுந்தது.

றொசாந்தி வீரிட்டுக் கத்தினாள். கீழ் ஃப்ளாட்டில் இருக்கும் சுப்ரியா அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் ஓடி வந்தாள். கோயம்புத்தூர்க்காரி, வங்கி வேலை, அவளும் வியாழக்கிழமைகளில் வீட்டில் இருப்பவள். அவசரத்துக்கென்று றொசாந்தி கொடுத்து வைத்திருந்த சாவியால் கதவைத் திறந்துகொண்டு வந்தாள்.

"என்ன ஆச்சு? றொசாந்தி, என்ன ஆச்சு?"

"வெடிச்சிட்டுது" என்று திரையைக் காட்டினாள் றொசாந்தி. "அங்க வெடிச்சிட்டுது. இதில இன்னும் வெடிக்கேல்லை."

சுப்ரியாவுக்கு ஒன்றும் புரியவில்லை. திரையில் எல்லாம் அமைதியாக இருந்தது. யானைகள் குட்டையின் அக்கரைக்கு வந்து தும்பிக்கையைத் தண்ணீரில் விட்டன. மேடை வெறுமையாக இருந்தது. அந்தப் படத்துக்குச் சத்தம் கிடையாது.

"இது பிந்தி வாறது சுப்ரியா. ஐம்பது செக்கன் பிந்தி. நடந்து முடிஞ்சுது. என்ன நடந்ததெண்டு இப்பதான் வரப்போகுது."

சுப்ரியா அவளுடைய தோளை இறுகப் பிடித்தாள். "பாக்காத. மூடிடு. நான் லாட்ஜுக்கு போன் பண்றேன், மூடிடு" என்றாள். றொசாந்தியால் மூட முடியவில்லை. மூடினால் அம்மா அந்த ஐம்பது விநாடிக்குள்ளும் தனியாக நிற்பார் என்று அவளுக்குத் தோன்றியது.

அம்மா அத்திமரத்துக்குப் பின்னால் மறைந்திருந்தார். மறு பக்கத்தால் வெளியே வந்தபோது இருவர் வந்தார்கள்.

இரண்டாமவர் ஒரு வெள்ளைக்கார மூதாட்டி. வெள்ளைக் குளியல் அங்கி, வெறுங்கால். நரைத்த கூந்தல் பிரிந்து கிடந்தது. அவர் தண்ணீரைப் பார்த்தபடி குட்டையை நோக்கி நேராக நடந்தார். யானைகளை அவர் கண்டதாகவே தெரியவில்லை. அம்மா அவரை மறிக்கவில்லை, கையைப் பிடித்து இழுக்கவும் இல்லை. அவரோடு சேர்ந்து அதே திசையில், யானைகளை நோக்கி, அதே வேகத்தில் நடந்தார். தலையைச் சாய்த்து ஏதோ கதைத்துக்கொண்டே நடந்தார்.

"ஏன் அந்தப் பக்கம் போறாங்க?" என்று சுப்ரியா தன்னையறியாமல் கேட்டாள்.

நான்கு எட்டு. ஐந்து எட்டு. பிறகு அம்மா தன் கையை மெதுவாக அந்த மூதாட்டியின் முழங்கைக்குள் கோத்தார். இருவரும் பெரிய வளைவாக, கிட்டத்தட்டத் தெரியாத மாதிரி, இடப்பக்கம் திரும்பத் தொடங்கினார்கள். மேடையை நோக்கி.

அப்போது முன்னால் நின்ற யானை தலையைத் தூக்கியது. காதுகளை விரித்தது. குட்டிகள் பெரியவற்றின் கால்களுக்கு இடையில் ஒதுங்கின. அந்த யானை குட்டையைச் சுற்றிக்கொண்டு இந்தக் கரைக்கு வந்தது, முதலில் நடையாக, பிறகு நடையாக இல்லாமல்.

படத்தின் கீழ் ஓரத்தில் அப்பா தெரிந்தார். வெறும் பெனியனும் இடுப்பில் கட்டிய சாரமும். ஒரு காலை இழுத்து இழுத்து ஓடினார். அவரைத் தாண்டிக்கொண்டு காக்கிச் சட்டைக்காரர் ஒருவர் துப்பாக்கியோடு பாய்ந்தார். போகிற போக்கில் அப்பாவின் நெஞ்சில் கையை வைத்துத் தள்ளினார். அப்பா விழுந்தார்.

அம்மா ஓடவில்லை. மூதாட்டியைத் தன் பக்கம் திருப்பி, அவருடைய முகத்தைத் தன் தோளில் அழுத்திப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். அம்மாவின் முகம் யானையைப் பார்த்தபடி இருந்தது.

துப்பாக்கியின் நுனியில் சின்னதாக ஒரு புகை. யானையின் முன்னங்கால்கள் மண்ணில் ஊன்றின. செம்மண் எழும்பியது. அது எல்லாவற்றையும் மூடியது, யானையை, அம்மாவை, காக்கிச் சட்டைக்காரரை, அப்பாவை. திரை முழுதும் பழுப்பு நிறமாகப் போனது.

பிறகு படம் கறுத்தது. நேரலை இப்போது இல்லை என்று ஆங்கிலத்தில் ஒரு வரி வந்தது.

லாட்ஜ்காரர்கள் கமெராவை நிறுத்திவிட்டார்கள்.

அதற்குப் பிறகு வந்த இருபத்தாறு நிமிடங்களை றொசாந்தியால் இன்றைக்கும் ஒழுங்காகச் சொல்ல முடியாது. சமையலறைத் தரையில் இருந்தாள் என்பது நினைவிருக்கிறது. குளிர்சாதனப் பெட்டியில் சாய்ந்திருந்தாள். மடிக்கணினியில் அலுவலகக் கூட்டம் தொடங்கி, யாரோ அவள் பெயரைச் சொல்லி இரண்டு முறை கூப்பிட்டார்கள். சுப்ரியா போய் அதை மூடிவிட்டு வந்தாள். லாட்ஜின் எண்ணை எடுத்து எடுத்துப் பார்த்தாள். இணைப்பு பிஸி என்ற சத்தமே ஒவ்வொரு முறையும் வந்தது.

"அம்மா வேண்டாமெண்டுதான் சொன்னவ" என்றாள் றொசாந்தி. "நான்தான் புக் பண்ணினனான். நான்தான் அனுப்பினனான்."

"அப்படிப் பேசாத."

"அவ ட்யூபில ஏற மாட்டா, சுப்ரியா. ட்யூபில ஏற மாட்டா."

சுப்ரியா அவளுக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தாள். ஒரு டம்ளர் தண்ணீரைக் கொடுத்தாள். அது றொசாந்தியின் பல்லில் தட்டித் தட்டிச் சிந்தியது.

தொலைபேசி அடித்தபோது அது தெரியாத எண்ணாக இருந்தது. றொசாந்தி எடுக்கவில்லை. எடுக்கக் கை வரவில்லை. சுப்ரியாதான் எடுத்து அவள் காதில் வைத்தாள்.

"பிள்ளை..." அப்பாவின் குரல். அதற்கு மேல் அவரால் ஏலவில்லை. அழுதார். அப்பா அழுது அவள் கேட்டதில்லை.

"அப்பா, சொல்லுங்கோ. அப்பா."

"இருக்கிறா. கொம்மா இருக்கிறா."

"இருக்கிறா எண்டா? எப்பிடி இருக்கிறா?"

"ஒண்டும் இல்லை. ஒரு கீறல்கூட இல்லை. யானைக்கும் ஒண்டும் இல்லை. டெம்பா மண்ணிலதான் சுட்டவர். அது பத்தடி தள்ளி நிண்டிட்டுது பிள்ளை. பத்தடி. பிறகு திரும்பிப் போட்டுது. எனக்குத்தான் கை முறிஞ்சிருக்குமோ எண்டு பாக்கினம்."

பின்னால் அம்மாவின் குரல் கேட்டது: "தாங்கோ, நான் கதைக்கிறன்."

றொசாந்தி எவ்வளவோ கேட்க நினைத்தாள். வந்தது ஒன்றுதான்.

"ஏனம்மா?"

"என்ன ஏன்? அந்த மனுசி தனிய இறங்கிப் போட்டா. பெல்ஜியத்தில இருந்து வந்தவை. புருசன் குளிக்கப் போயிருக்கிறார். நான் ரெண்டு நாளாக் கவனிச்சனான், பிள்ளை. காலமைச் சாப்பாட்டில அவ கைதுடைக்கிற கடுதாசிக்கு வெண்ணெய் பூசிக்கொண்டிருந்தவ. மறதி வருத்தமெண்டு எனக்கு விளங்கிட்டுது. அவருக்கும் தெரியும். வெளியில சொல்லாமல் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறார், பாவம், கடைசியா ஒருக்கா எங்கையாவது காட்டுவமெண்டு."

"ஆரையும் கூப்பிட்டிருக்கலாமே!"

"சத்தம் போட்டா இப்பிடியான ஆக்கள் ஓடுவினம். இழுத்தா அடிப்பினம். அவை போற பக்கம் கொஞ்சம் கூடப் போகவேணும். பிறகு மெல்லத் திருப்பவேணும். இல்லத்தில வேலை செய்யேக்க எத்தினை பேரை நான் ரோட்டில இருந்து அப்பிடிக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறன்."

"அங்க யானை நிண்டது, அம்மா."

அம்மா "ஓம்" என்றார். "அது பிறகுதான் வந்தது."

"அவவோட என்ன கதைச்சனீங்கள்?"

"அவ தன்ர பாஷையில என்னவோ கேட்டுக்கொண்டு வந்தா. எனக்கு ஒண்டும் விளங்கேல்லை. நான் தமிழில சொன்னனான், வாங்கோ, தேத்தண்ணி ஆறப்போகுது எண்டு."

அன்று பின்னேரமே இன்னொன்று வந்து விழுந்தது. நேரலையைப் பார்த்துக்கொண்டிருந்த யாரோ அதைப் பதிவு செய்திருந்தார்கள். பத்தொன்பது விநாடித் துண்டு. ஊதாச் சட்டை போட்ட ஒரு பெண் தனியாக நடந்து போகிறார், அந்தப் பக்கத்தில் யானைகள் வருகின்றன, அவர் மரத்துக்குப் பின்னால் மறைகிறார். அவ்வளவுதான். படம் எடுக்கப் போன முட்டாள் பயணி என்று மேலே எழுதியிருந்தது. கீழே ஆயிரக்கணக்கானவர்கள் திட்டியிருந்தார்கள். யானை மிதித்திருக்க வேண்டும் என்று எழுதியவர்களும் இருந்தார்கள்.

அதைக் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டவர் லண்டன் மனோர் பார்க் பகுதியில் இருக்கும் சற்குணம் சித்தப்பா. போட்டதோடு நிற்காமல் தொலைபேசியும் எடுத்தார்.

"என்ன பிள்ளை, கொம்மா யானையோட செல்ஃபி எடுக்கப் போனவவாம்? கோயிலில எல்லாரும் கேக்கினம்."

றொசாந்திக்கு மதியத்தில் இருந்து உள்ளுக்குள் உறைந்து கிடந்ததெல்லாம் குரலாக வெளியே வந்தது.

"சித்தப்பா, அந்த வீடியோவில அடுத்த நிமிசம் என்ன நடந்ததெண்டு உங்களுக்குத் தெரியுமோ? எனக்குத் தெரியும். நான் பாத்தனான். மறதி வருத்தக்காரி ஒராள் தனிய யானையிட்டப் போனவ. அம்மா போய்க் கூட்டிக்கொண்டு வந்தவ. யானை ஓடி வரேக்க அந்த மனுசியைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு நிண்டவ. அவவைப் போட்டுட்டு ஓடேல்லை. இதை உங்கட கோயிலில சொல்லுங்கோ."

சித்தப்பா "எனக்கு ஆர் பிள்ளை இதெல்லாம் சொன்னது?" என்றார். குரல் சிறுத்திருந்தது. பத்து நிமிடத்தில் அவர் அந்தத் துண்டை நீக்கினார். உலகத்தில் மற்றவர்களிடம் இருந்ததை யாராலும் நீக்க முடியவில்லை. லாட்ஜ் மறுநாள் நடந்ததை எழுதி வெளியிட்டது. அதைப் படித்தவர்கள் கொஞ்சப் பேர்தான்.

அம்மாவிடம் சொன்னபோது அவர் அலட்டிக்கொள்ளவில்லை. "எழுதட்டும். அந்த மனுசியின்ர புருசன் ரெண்டு மணித்தியாலம் என்ர கையைப் பிடிச்சுக்கொண்டு இருந்தவர். குளிக்கப் போகாமல் இருந்திருக்கலாமெண்டு அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தவர். நான் சொன்னனான், ஆரும் குளிக்கத்தானே வேணுமெண்டு."

ஞாயிற்றுக்கிழமை காலையில் றொசாந்தி ஹீத்ரோவுக்குப் போனாள். அப்பா கையில் கட்டோடு வந்தார். வந்ததில் இருந்து வாய் ஓயவில்லை. பத்தடி என்றது ஏழடியாகக் குறைந்திருந்தது. அம்மா தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு பின்னால் வந்தார். றொசாந்தி கட்டிப்பிடித்தபோது, "மெலிஞ்சிட்டாய்" என்று மட்டும் சொன்னார்.

காரில் அம்மா முன்னால் உட்கார்ந்தார். விமான நிலையத்தை விட்டு வெளியே வந்து ஒரு சிவப்பு விளக்கில் நின்றார்கள். பக்கத்துப் பாதையில் ஒரு பெரிய லொறி வந்து நின்றது. அதன் பிரேக்கிலிருந்து காற்று சீறிக்கொண்டு வெளியேறியது.

அம்மா இரண்டு கைகளாலும் முன் பலகையைப் பிடித்தார். உடம்பு முழுவதும் உதறத் தொடங்கியது. பல் கிட்டியது. கண்கள் விரிந்து கண்ணாடிக்கு வெளியே எதையோ பார்த்தன.

"அம்மா! அம்மா, என்ன செய்யுது?"

விளக்கு பச்சையானது. பின்னால் ஹோர்ன் அடித்தார்கள். றொசாந்தி எப்படி ஓட்டினாள் என்று தெரியாமல் அடுத்து வந்த பெற்றோல் நிலையத்துக்குள் காரைத் திருப்பி, காற்று அடிக்கும் இடத்தில் நிறுத்தினாள். பெல்ட்டைக் கழற்றி அம்மாவைத் தன் பக்கம் இழுத்து அணைத்துக்கொண்டாள். அம்மாவின் இதயம் அவளுடைய நெஞ்சில் இடித்தது. பின் இருக்கையில் அப்பா முதல் தடவையாகப் பேச்சை நிறுத்தியிருந்தார்.

"அதின்ர கண்ணைக் கண்டனான் றொசா" என்றார் அம்மா. குரல் உடைந்திருந்தது. "இமை மயிர்கூடத் தெரிஞ்சது. நான் செத்துப் போட்டனெண்டுதான் நினைச்சனான். உன்னை நினைக்கேல்லை, கொப்பாவை நினைக்கேல்லை. ஒருத்தரையும் நினைக்கேல்லை பிள்ளை. அந்த மனுசியின்ர தலைமயிரில சோப்பு வாசம் வந்தது. அதைத்தான் நினைச்சுக்கொண்டு நிண்டனான்."

பிறகு அவர் அழுதார். நான்கு நாளாக அழாததையெல்லாம் சேர்த்து, ஒரு பெற்றோல் நிலையத்தில், பக்கத்தில் ஒருவர் தன் கார்ச் சக்கரத்துக்குக் காற்று அடித்துக்கொண்டிருக்க, சத்தமாக அழுதார். றொசாந்தி அணைத்த கையை எடுக்கவில்லை. அப்பா பின்னால் இருந்து முறியாத கையை நீட்டி அம்மாவின் தோளில் வைத்தார்.

எவ்வளவு நேரம் அப்படி இருந்தார்கள் என்று அவர்கள் பார்க்கவில்லை. அம்மா கடைசியில் நிமிர்ந்து, சேலைத் தலைப்பு இல்லாததால் கைப்பையில் தேடி ஒரு கடுதாசியை எடுத்து மூக்கைத் துடைத்தார்.

"போவம்" என்றார். "மெல்லமாப் போ."